ஆமான்னும் சொல்லலாம்

வேன் கிளம்பிப் பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் யாராவது ஒருவர், "நான் மனசுல ஒண்ணு நினைச்சிருக்கேன், கண்டுபிடிங்க பார்ப்போம்" என்று ஆரம்பித்துவிடுகிறார். இதற்கென்றே நேர்ந்துவிட்டவர்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். முன்பு அந்தாக்ஷரி என்று ஒன்று இருந்தது. பாடத் தெரியாதவன் அதில் நிம்மதியாகத் தூங்கலாம். அவன் தூங்குவதே எல்லோருக்கும் நல்லது என்று விட்டுவிடுவார்கள். இதில் அந்தச் சலுகை கிடையாது. "நீ ஒண்ணுமே கேக்கலியே" என்று தோளைத் தட்டி எழுப்பி, ஒரு கேள்வியைப் பிடுங்கிக்கொண்டுதான் விடுகிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை குலதெய்வம் கோயிலுக்குப் போனோம். பெரம்பலூர் தாண்டி உள்ளே போகவேண்டும். டிரைவரின் பென் டிரைவ் வேலை செய்யவில்லை. மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அந்தக் கடுப்பு இன்னும் ஆறவில்லை. ஆனால் ஒரு நல்லதும் நடந்தது. இந்த விளையாட்டில் எந்தக் குடும்பத்தோடு ஆடினாலும் தோற்காமலிருக்க ஒரு வழி, விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வரிசையில் நின்றிருந்தபோது எனக்குத் தோன்றியது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. ஆமா, இல்லை என்று மட்டும்தான் பதில் சொல்லலாம், இருபது கேள்விக்குள் கண்டுபிடிக்கவேண்டும். ஒவ்வொரு கேள்வியும் மிச்சமிருப்பதில் சரிபாதியைக் கழித்துக்கொண்டே வந்தால், இருபது கேள்வியில் 10,48,576 பொருள்களிலிருந்து ஒன்றைப் பிடித்துவிடலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் ஒரு லட்சத்துச் சொச்சம் சொற்கள் இருக்கின்றன. நடுப்பக்கத்தைப் பிரித்து "இதுக்கு முன்னாலயா?" என்று கேட்டு, கிடைத்த பாதியை மறுபடி நடுவில் பிரித்துக்கொண்டே போனால் பதினேழாவது கேள்வியில் எந்தச் சொல்லாக இருந்தாலும் மாட்டிக்கொள்ளும். மூன்று கேள்வி மிச்சம். அதில் நினைத்தவர் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரிக்கலாம். 1948இல் கிளாட் ஷானன் என்பவர் எழுதிய ஒரு கட்டுரையில், தகவலை அளக்கும் சாஸ்திரமே இந்த ஆமா-இல்லையில்தான் நிற்கிறது. ஒரு ஆமா-இல்லைக்கு ஒரு பிட். உங்கள் செல்போனுக்குள் ஓடுவது முழுக்க அதுதான். இத்தனையையும் பரனூர் வருவதற்குள் வேனில் விளக்கிச் சொன்னேன். அக்கா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வாந்தி வர்ற மாதிரி இருந்தா முன்சீட்டுக்குப் போயிடு" என்றாள்.

பாதியாகப் பிரிப்பது என்பது நம் ஆட்களுக்குப் பாகப்பிரிவினையில் மட்டும்தான் வரும். விளையாட்டில் வராது. என் தங்கை மகள் முதல் கேள்வியே "யானையா?" என்றாள். இல்லை என்றதும் கொஞ்சமும் தளராமல் "குட்டி யானையா?" என்றாள். என் மச்சான் மனை வாங்கி விற்கிறவர். அவருடைய கேள்வி, "என்ன விலை போகும்?" ஆமா இல்லை என்று பதில் வருகிற மாதிரி கேட்கவேண்டும் என்று எடுத்துச் சொன்ன பிறகு, "நல்ல விலை போகுமா?" என்று திருத்திக்கொண்டார். அத்தை அதையும் தாண்டி, நினைத்திருப்பது ஒரு பொருள் என்று தெரிந்த பின்னும், "நம்ம பக்கத்து ஆளுங்களா?" என்று விசாரித்தாள்.

ஆனால் கேட்கிறவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எப்படிக் கேட்டாலும், பதில் சொல்கிறவர் ஆமா என்றோ இல்லை என்றோ வாயைத் திறந்தால்தானே ஆட்டம் நகரும்? நம் வீடுகளில் அந்த இரண்டு சொற்களையும் யாராவது தனியாகச் சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

"காபி குடிக்கிறீங்களா?" என்றால் "இருக்கட்டும்." குடிக்கிறாரா இல்லையா? "அரை டம்ளர்?" என்றால் "உங்க திருப்திக்கு." பந்தியில் "இன்னும் கொஞ்சம் சாதம்?" என்றால் ஆள் இலைக்கு மேலே கையை விரித்துத் தடுக்கிறார், விரல்களுக்கு நடுவே ஒரு கரண்டி விழுகிற இடைவெளியை விட்டு. பரிமாறுகிறவன் பழகினவன், அந்த இடைவெளியில் சரியாகப் போட்டுவிட்டுப் போகிறான். தையற்கடையில் "சட்டை ரெடியா?" என்று கேளுங்கள். "காஜா மட்டும் போடணும் சார்." தீபாவளிக்குத் தைக்கக் கொடுத்த சட்டைக்குப் பொங்கல் வரைக்கும் காஜா மட்டும்தான் பாக்கி. பிளம்பருக்குப் போன் போட்டு "வர்றீங்களா?" என்றால் "பக்கத்துலதான் இருக்கேன்." யாருக்குப் பக்கத்தில் என்று அவர் சொல்வதில்லை. கல்யாணப் பத்திரிகை வைத்து "அவசியம் வரணும்" என்றால் "வரப் பார்க்கிறேன்." பெண் பார்த்துவிட்டு எழுந்திருக்கிறவர்கள் அந்தக் காலத்தில் ஊருக்குப் போய் லெட்டர் போடுவதாகச் சொல்வார்கள், இப்போது வாட்ஸப்பில் சொல்கிறோம் என்கிறார்கள். பஜ்ஜியும் சொஜ்ஜியும் சாப்பிட்டு முடித்த ஒருவர், அதே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்று இரண்டில் ஒன்றைச் சொன்னதாகச் சரித்திரமே இல்லை. கடன் கேட்டுப் பாருங்கள். "இப்பத்தான் ஒருத்தனுக்குக் கொடுத்தேன்." அலுவலகத்தில் மனு கொடுங்கள். "பரிசீலனையில் உள்ளது." பக்கத்து வீட்டுக்காரரிடம் "எங்க வெளியூரா?" என்றால் "சும்மா இப்படித்தான்." டாக்டரிடம் "மோர் சாப்பிடலாமா?" என்றால் "அளவோட." அளவோடு என்பது எந்தப் பதில்? குடும்பத்தில் ஒருவருக்கு வேலை கிடைத்துவிட்டதா என்று கேட்டால் "சொல்லியிருக்காங்க" என்கிறார்கள். யார், யாரிடம், என்ன சொல்லியிருக்கிறார்கள்? கேட்கக்கூடாது, கேட்டால் அதற்கும் ஒரு "சொல்றேன்" வரும்.

இப்படிப்பட்டவர்களை ஒரு வேனில் அடைத்து, ஆமா இல்லையில் பதில் சொல்லச் சொல்கிறார்கள்.

பெரியம்மாவின் முறை வந்தது அச்சிறுபாக்கம் தாண்டி. கண்ணை மூடி ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டு, "ம்" என்றார். நான் தயாராக இருந்தேன். உலகத்தை இரண்டாக வெட்டும் கேள்வியைத்தான் முதலில் போட்டேன்.

"உயிர் உள்ளதா பெரியம்மா?"

"தொட்டில்ல போட்டுத் தாலாட்டியிருக்கேன்."

"அப்ப குழந்தையா?" என்றாள் தங்கை மகள்.

"சீ, குழந்தையைப் போய் நினைப்பாங்களா?"

சரி, உயிருள்ள பக்கம் என்று வைத்துக்கொண்டேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் வைத்துக்கொள்வார்கள். "சாப்பிடுறதா?" என்று கேட்டேன். "அது இல்லாம அப்பல்லாம் சாப்பிடவே முடியாது." "வீட்டுக்குள்ள இருக்கா?" "மேல இருக்கு." மேலே இருக்கிறது, தொட்டிலில் கிடந்திருக்கிறது. "பறக்குமா?" "பறக்க விடாது." மச்சான் இந்த இடத்தில் ஏதோ பிடிபட்ட மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, "சுத்துமா?" என்றார். பெரியம்மா இதற்கு நேரமெடுத்துக்கொண்டார். "கையால சுத்தினா சுத்தும். கரண்டுல போட்டா சுத்தாது."

"பெரியம்மா, ஆமாவா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"ஆமான்னும் சொல்லலாம்."

லண்டனில் பிபிசி வானொலி 1947இல் இந்த விளையாட்டை ஒரு நிகழ்ச்சியாகவே தொடங்கி, முப்பது வருஷம் போல நடத்தியது. விலங்கா, தாவரமா, கனிமமா என்பதை முதலிலேயே சொல்லிவிடுவார்கள். பிறகு ஒரு குழு கேள்வி கேட்கும். வீட்டில் உட்கார்ந்து கேட்கிற நேயர்களுக்கு மட்டும் ஒரு மர்மக்குரல் விடையை முன்கூட்டியே காதில் போட்டுவிடும். குழு திண்டாடுவதைத் தெரிந்துகொண்டே கேட்பதில்தான் ருசி. இது எனக்கு ஏன் ஞாபகம் வந்தது என்றால், திண்டிவனம் மேம்பாலத்தின் மேல் பார்க்கிறேன், அத்தை சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள். பெரியம்மா அவள் காதில் சொல்லிவிட்டிருக்கிறார். அத்தை அக்காவுக்குச் சொல்லி, அக்கா என் மனைவிக்குச் சொல்லி, பின்சீட்டு வரைக்கும் போய்விட்டது. வேனில் தெரியாதவர்கள் நானும் டிரைவரும்தான். டிரைவருக்குத் தெரியாது என்பதும் என் அனுமானம்தான்.

விடை, குழவி.

கோபப்படக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். பெயர் வைக்கிற அன்றைக்கு அம்மிக் குழவியைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, துணி சுற்றி, குழந்தைக்கு முன்னால் அதைத்தான் தொட்டிலில் போட்டு ஆட்டுவார்களாம். சரி. ஆட்டுக்கல்லில் குழவி சுற்றும், கல் நிற்கும். கிரைண்டரில் கல் சுற்றும், குழவி இடத்தைவிட்டு நகராது. அதுவும் நிஜம்தான், கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, மறுக்க நான் யார்? பெரியம்மா வீட்டு மொட்டைமாடியில் சின்டெக்ஸ் தொட்டியின் மூடி காற்றில் பறந்துவிடாமல் அதன்மேல் ஒரு குழவியை ஏற்றி வைத்திருக்கிறார்கள். நானே பார்த்திருக்கிறேன். இடுப்பு மெலிந்த கருங்கல், பிடி தேய்ந்து வழவழவென்று, வெயிலில் தொட்டால் கை சுடும். ஆகவே மேலே இருக்கிறது, பறக்க விடாது. எல்லாம் கோர்ட்டில் நிற்கும்.

ஆனால் தொட்டிலில் போட்டது அம்மிக் குழவி. அது படுத்துக்கொண்டு உருளும். கையால் சுற்றுவது ஆட்டுக்கல் குழவி. கரண்டில் நிற்பது கிரைண்டர் குழவி. தொட்டி மூடியின் மேல் உட்கார்ந்திருப்பது இவற்றில் எது? மூன்று தனித்தனிப் பொருளை ஒன்றாக நினைத்துக்கொண்டு, ஒரு கேள்விக்கு ஒன்று என்று மாற்றி மாற்றிப் பதில் சொன்னால் ஷானனே வந்தாலும் என்ன செய்வார்? இதைச் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன் என்கிறார்கள். பெரியம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "குழவின்னா குழவிதான்" என்றார். வேன் முழுக்க அவர் பக்கம்.

அக்கா மகனின் முறை இன்னும் மோசம். எட்டாவது படிக்கிறான். "உயிர் இருக்கா?" "ஆமா." "விலங்கா?" "ஆமா." "உறுமுமா?" "ஆமா." "காட்டுல இருக்குமா?" "இல்ல." "வீட்டுல வளர்க்கிறதா?" "ஆமா." "பிரயோஜனம் உண்டா?" "இல்ல." ஆமா, இல்லை என்று இவ்வளவு சுத்தமாகப் பதில் வந்த சுற்று அன்றைக்கு அது ஒன்றுதான். பாராட்டலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் என் மனைவி, "உங்க மாமாவா?" என்றாள். ஒரே கைதட்டல். 1843இல் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய கிறிஸ்துமஸ் கதையிலும் இதேதான் நடக்கிறது. விருந்தில் மருமகன் ஒரு சிடுமூஞ்சி விலங்கை நினைத்துக்கொள்கிறான், எல்லோரும் ஆமா இல்லையில் கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் அது அவனுடைய மாமா ஸ்க்ரூஜ். இதை நான் எடுத்துச் சொன்னது என் தரப்புக்கு உதவவில்லை.

சித்தப்பாவைப் பற்றி எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். அரசாங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த ஃபைலையும் முடித்து வைத்தவர் என்ற கெட்ட பெயர் எடுக்காதவர். விழுப்புரத்துக்குப் பிறகு அவர் ஒன்றை நினைத்தார். உள்ளங்கையில் அடங்குமா என்றால் அடங்கும். ஆள் ஏறிப் போகலாமா என்றால் தாராளமாகப் போகலாம். தண்ணீரில் கரையுமா என்றால், அது தண்ணீரைப் பொறுத்தது. உளுந்தூர்பேட்டை வந்தும் முடியவில்லை. "தோத்துட்டோம் தாத்தா, சொல்லிடுங்க" என்று அக்கா மகன் கெஞ்சினான். "யோசிங்க, திரும்பி வரும்போது சொல்றேன்" என்று துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். திரும்பி வரும்போது கேட்டதற்கு, "எது?" என்றார்.

அவர் எதையுமே நினைக்கவில்லை என்பது என் திடமான நம்பிக்கை. ஜான் வீலர் என்று ஒரு அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் இருந்தார். ஒரு விருந்தில் இவரை வெளியே அனுப்பிவிட்டு நண்பர்கள் சொல் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும். உள்ளே வந்து கேட்க ஆரம்பித்தால், போகப் போக ஒவ்வொருவரும் பதில் சொல்ல ரொம்ப நேரம் யோசிக்கிறார்கள். கடைசியில் "மேகமா?" என்றார். ஆமாம் என்று எல்லோரும் சிரித்தார்கள். யாரும் எந்தச் சொல்லையும் நினைத்துவைக்கவில்லை. யார் என்ன பதில் வேண்டுமானாலும் சொல்லலாம், முன்னால் சொன்ன பதில்களுக்கு முரணாகாமல் இருந்தால் போதும் என்பதுதான் அவர்களுக்குள் ஒப்பந்தம். கேள்வி கேட்கக் கேட்கத்தான் மேகம் உருவானது. அணுவுக்குள் நடக்கிற சங்கதியும் இப்படித்தான் என்று வீலர் விளக்கம் சொல்வார். நல்ல மனிதர், நல்ல நண்பர்கள். சித்தப்பா அந்த முரணாகாமை ஒப்பந்தத்தில்கூடக் கையெழுத்துப் போடாதவர்.

பொய் சொல்கிறவரோடு ஆடினால் எத்தனை கேள்வி வேண்டும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஹைட்ரஜன் குண்டு வடிவமைப்பில் பங்கெடுத்த ஸ்டானிஸ்லாவ் உலாம் 1976இல் தன் சுயசரிதையில் இதைக் கேட்டுவைத்தார்: பத்து லட்சம் வரைக்கும் ஒரு எண்ணை நினைத்துக்கொண்டவர், நடுவில் ஒரே ஒரு பொய் சொல்லலாம் என்றால் எத்தனை கேள்வி தேவை? பதினோரு வருஷம் கழித்து ஆண்ட்ரே பெல்ஸ் என்ற கணித அறிஞர் இருபத்தைந்து போதும் என்று நிரூபித்தார். ஒரு பொய்க்கு ஐந்து கேள்வி கூடுதல். சித்தப்பா ஒரு பொய்யோடு நிற்கிற ஆளா? கன்னியாகுமரிக்குக் கிளம்பியிருந்தாலும் போதாமல்தான் போயிருக்கும்.

நடுவில் அக்கா மகன் செல்போனில் ஒரு பூதத்தைக் காட்டினான். நீங்கள் யாரையாவது நினைத்துக்கொண்டால் அது கேள்வி கேட்டே கண்டுபிடித்துவிடும். பிரான்ஸ்காரர்கள் செய்தது, அக்கினேட்டர் என்று பெயர். எனக்கு அதில் பிடித்தது பூதம் இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ஆமா, இல்லை, தெரியாது, இருக்கலாம், இருக்காது போலிருக்கிறது என்று ஐந்து பொத்தான் வைத்திருக்கிறார்கள். யாரோ இந்த வேனில் வந்திருக்கிறார்கள்.

தோற்காமலிருக்கும் வழியைச் சொல்வதாகச் சொன்னேன். சொல்கிறேன். அதற்கு முன்னால் கோயிலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விட்டுப்போய்விடும்.

நாங்கள் போனதே பூப்போட்டுப் பார்க்கத்தான். மச்சான் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மனை வாங்கலாமா என்று குலதெய்வத்திடம் கேட்கவேண்டும். ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, இன்னொன்றில் வெள்ளைப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி மடித்துச் சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. சிவப்பு வந்தால் வாங்கலாம், வெள்ளை வந்தால் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டார்கள். பார்த்தபோது எனக்குக் கண்ணில் நீர் வராத குறை. இந்தக் குடும்பத்தின் மொத்த வம்சத்திலும், கேட்ட கேள்விக்கு ஆமா இல்லை என்று பதில் சொல்லத் தயாராக ஒருவர் இருக்கிறார். அவரைக் காட்டுக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

தங்கை மகள் எடுத்தாள். வெள்ளை.

பூசாரி பொட்டலத்தைப் பிரித்துக் காட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நின்றார். அவருக்கு எங்களை நாள்பட்ட பழக்கம்.

"சாமி வேணாம்னு சொல்லல" என்றார் பெரியம்மா. "இந்த மாசம் வேணாம்னு சொல்லுது."

"வெள்ளைன்னா வில்லங்கம் இல்லைன்னும் எடுத்துக்கலாம்" என்றார் சித்தப்பா. "சுத்தமான பத்திரம்."

"எடுத்தது இடது கையால" என்றாள் அத்தை.

"இன்னொரு தடவை போட்டுடட்டுங்களா?" என்று பூசாரி கேட்டார். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. போடுங்கள் என்றும் சொல்லவில்லை. அவர் தட்டைப் பார்த்தார். மச்சான் பையில் கைவிட்டு ஐம்பது ரூபாயை எடுத்து வைத்தார். இந்த முறை குழந்தையின் வலது கையை அக்கா பிடித்துக்கொண்டாள். சிவப்பு வந்தது. ஆளுக்கொரு மூச்சு விட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டோம். இப்போது ஒன்றுக்கு ஒன்று என்று சமமாகிவிட்டதால், மூன்றாவதாக ஒன்று போட்டுப் பார்ப்பதுதான் முறை என்று சித்தப்பா சொன்னார்.

பூசாரி மறுபடி பூவை மடிக்க ஆரம்பித்தபோது மச்சான் பெரியம்மாவைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார்.

"பெரியத்தை, வேண்டிக்கிறப்ப எந்த மனைன்னு சாமிகிட்ட சொன்னீங்களா? நான் ரெண்டு பார்த்து வச்சிருக்கேனே."